சார்டினியாவில் அலைச்சறுக்கு: முதல் பயணத்தைத் திட்டமிடுவது எப்படி

மத்தியதரைக்கடலுக்கு அலைச்சறுக்கப் போகிறேன் என்று சொன்னால், "அங்கே ஏது அலை?" என்று கேட்பவர்கள்தான் அதிகம். ஜூலை, ஆகஸ்டில் போய்வந்தவர்களின் படங்களில் கடல் அசையாமல் கிடப்பதால் அந்தக் கேள்வி எழுகிறது. அக்டோபருக்கும் ஏப்ரலுக்கும் இடையில் சார்டினியாவின் மேற்குக் கரையில் நின்று பார்த்தவர் அப்படிக் கேட்க மாட்டார். இத்தாலியைச் சேர்ந்த இந்தத் தீவு, சிசிலிக்கு அடுத்தபடியாக மத்தியதரைக்கடலிலேயே பெரியது. பரப்பு ஏறக்குறைய 24,000 சதுர கி.மீ. நான்கு திசைகளிலும் கடல் இருப்பதால், காற்று எங்கிருந்து அடித்தாலும் தீவின் ஏதோ ஒரு கரையில் அலை எழும். மத்தியதரைத் தீவுகளில் முதல் பயணத்துக்கு ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்கலாம் என்றால் நான் இதைத்தான் சொல்வேன்.

ஒன்றை மட்டும் முதலிலேயே மனதில் பதித்துக்கொள்ளுங்கள். இங்கே அலை தேதி பார்த்து வராது, காற்றைப் பார்த்துத்தான் வரும். விடுதி, கார், நாள் கணக்கு, கரைத் தேர்வு என்று இந்தப் பயணத்தின் ஒவ்வொரு முடிவும் அதிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

முதலில் காற்று

வங்காள விரிகுடாவில் நாம் சறுக்கும் நல்ல அலைகள் பெரும்பாலும் தெற்கு இந்தியப் பெருங்கடலின் புயல்களில் பிறந்து, பல ஆயிரம் கி.மீ. கடந்து, நாள்கணக்கில் பயணம் செய்து வருபவை. ஓர் அலைக்கும் அடுத்த அலைக்கும் நடுவே 12 முதல் 16 நொடிகூட இருக்கும். மத்தியதரைக்கடலுக்கு அந்த வசதி இல்லை. நிலம் சூழ்ந்த கடல் என்பதால் வெளிப் பெருங்கடல்களின் அலை உள்ளே வராது. இங்கு எழும் அலை இந்தக் கடலின் காற்றிலேயே பிறந்தது.

அலையின் அளவை மூன்று விஷயங்கள் தீர்மானிக்கின்றன: காற்று எவ்வளவு வேகமாக அடிக்கிறது, எத்தனை மணி நேரம் அடிக்கிறது, எவ்வளவு நீளமான நீர்ப்பரப்பின் மேல் தடையில்லாமல் அடிக்கிறது. சார்டினியாவுக்கு மூன்றாவது விஷயத்தில்தான் கொடுப்பினை. மேற்குக் கரையிலிருந்து மெனோர்கா தீவு வரை ஏறக்குறைய 350 கி.மீ. திறந்த கடல். வடமேற்கே பிரான்சின் தென்கரை வரை ஏறக்குறைய 400 கி.மீ. ஆல்ப்ஸ் மலைக்கும் பிரான்சின் நடுப்பகுதி மலைகளுக்கும் இடையே ரோன் ஆற்றுப் பள்ளத்தாக்கு இருக்கிறது. அதன் வழியே நெரிக்கப்பட்டு வேகம் கூடி வரும் குளிர்ந்த காற்று அந்தக் கடலின்மேல் பாய்கிறது. பிரெஞ்சுக்காரர்கள் அதை மிஸ்த்ரால் என்பார்கள், இத்தாலியர்கள் மாயெஸ்த்ராலே என்பார்கள். தீவில் நீங்கள் அதிகம் கேட்கப்போகும் சொல் இதுதான்.

நம் மீனவர்கள் வாடை, கொண்டல், கச்சான் என்று காற்றை அதன் திசை வைத்துப் பெயரிட்டு அழைப்பதைப் போலவே, அந்தக் கடலோர மக்களும் ஒவ்வொரு காற்றையும் பெயர் சொல்லியே பேசுவார்கள். ஏழு பெயர்கள் தெரிந்தால் போதும். வடமேற்கிலிருந்து வருவது மாயெஸ்த்ராலே. மேற்கிலிருந்து பொனெந்தே, தென்மேற்கிலிருந்து லிபெச்சோ. தென்கிழக்கிலிருந்து, சகாரா பக்கத்து வெப்பத்தையும் சில சமயம் செம்புழுதியையும் சுமந்து வருவது ஷிரோக்கோ. கிழக்கிலிருந்து லெவாந்தே, வடகிழக்கிலிருந்து கிரெகாலே, வடக்கிலிருந்து த்ரமொந்தானா. வானிலைச் செய்தியிலும் சர்ஃப் கடையிலும் இந்தப் பெயர்கள்தான் புழங்கும்.

ஒரு காற்றழுத்தத் தாழ்வுநிலை தீவைக் கடக்கும்போது இந்தக் காற்றுகள் பெரும்பாலும் ஒரே வரிசையில் வரும். முதலில் ஷிரோக்கோ, அது திரும்பி லிபெச்சோ, கடைசியில் மாயெஸ்த்ராலே. அதன்பின் காற்று ஓயும், அலை மட்டும் மிச்சம் இருக்கும். இந்த வரிசையைப் புரிந்துகொண்டவர், இன்று தெற்குக் கரை, நாளை தென்மேற்கு, நாளை மறுநாள் மேற்கு என்று காற்றுக்கு முன்னால் காரை ஓட்டிச் செல்லலாம். புதியவருக்குப் பொன்னான நேரம், மாயெஸ்த்ராலே அடங்கிய மறுநாள் காலை. நடுக்கடலில் நான்கைந்து மீட்டர் எழும்பிய கொந்தளிப்பு தணிந்து, முழங்கால் முதல் நெஞ்சு உயரம் வரை ஒழுங்கான அலைகளாகக் கரைக்கு வந்துகொண்டிருக்கும். அந்த நேரத்தில் நிலத்திலிருந்து கடலை நோக்கி மெல்லிய காற்று வீசினால் அலையின் முகம் வழவழப்பாகிவிடும்.

ஆனால் அது நீடிக்காது. பெரும்பாலும் ஒன்று முதல் மூன்று நாளில் கடல் மீண்டும் தட்டையாகிவிடும். அதனால்தான் மூன்று நாள் பயணம் இங்கே சூதாட்டம். குறைந்தது பத்து நாள் ஒதுக்குங்கள், இரண்டு வாரம் கிடைத்தால் இன்னும் நல்லது. அதில் பாதி நாள் கடலில் இருந்தாலே பயணம் நிறைவானது என்ற கணக்கோடு கிளம்புங்கள்.

எந்த மாதம்?

முதல் பயணத்துக்கு அக்டோபர். கோடை முழுக்கச் சூடேறிய கடல் அப்போதும் 21, 22 டிகிரி அளவில் இருக்கும். இலையுதிர்காலத் தாழ்வுநிலைகள் வரத் தொடங்கியிருக்கும். சர்ஃப் பள்ளிகளும் விடுதிகளும் இன்னும் மூடியிருக்காது. கோடைக்கூட்டம் போய், அறை வாடகையும் இறங்கியிருக்கும். மாத இறுதியில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னுக்குத் திருப்புவார்கள். அதன்பின் மாலை ஐந்தரைக்குள் இருட்டத் தொடங்கிவிடும், கவனம்.

இரண்டாவது தேர்வு ஏப்ரல் பிற்பகுதியும் மே முற்பகுதியும். வெளியே பூக்காலம், வெயில் இதமாக இருக்கும். கடல் மட்டும் குளிர்காலத்தை மறக்காமல் 15 முதல் 18 டிகிரியில் நிற்கும். டிசம்பர் முதல் மார்ச் வரைதான் அலை மிகப் பெரியதும் அடிக்கடி வருவதும். நீர் 13, 14 டிகிரிக்கு இறங்கும். அனுபவசாலிகளின் பருவம் அது, முதல்முறை போகிறவர்கள் ஆசைப்பட வேண்டாம். ஜூன் முதல் ஆகஸ்ட் வரை அலைக்காகப் போகவே கூடாது. காற்று குறைவு, விலை அதிகம். போதாக்குறைக்கு, குளிப்பவர்களுக்காக ஒதுக்கிய நீர்ப்பரப்பில் பலகையோடு இறங்கவும் கட்டுப்பாடு உண்டு.

அக்டோபரைச் சொல்வதற்கு நம் பக்கத்தில் இன்னொரு காரணமும் இருக்கிறது. கோவளம், மாமல்லபுரம், புதுச்சேரியை ஒட்டிய ஆரோவில் கடற்கரை ஆகிய இடங்களில் தென்மேற்குப் பருவக்காற்று மாதங்களில் பழகத் தோதான அலை கிடைக்கும். காலையில் நிலத்துக் காற்று வீசும். இலங்கையில் அறுகம்பையின் பருவமும் ஏறக்குறைய ஏப்ரல், மே முதல் அக்டோபர் வரைதான். ஜூலை முதல் செப்டம்பர் வரை இங்கே பழகிவிட்டு, வடகிழக்குப் பருவமழை நம் கடலைக் கலக்கத் தொடங்கும்போது அங்கே போய் இறங்கலாம்.

கிளம்பும் முன் கற்றிருக்க வேண்டியவை

பலகையில் எழுந்து நிற்கவே தெரியாமல் போனாலும் அங்கே கற்றுக்கொள்ளலாம், பள்ளிகள் இருக்கின்றன. ஆனால் இவ்வளவு செலவு செய்து போய், முதல் நான்கு நாளை வெறும் பழக்கத்துக்குச் செலவிடுவது எனக்கு நியாயமாகப் படவில்லை. ஒரு சர்ஃப் பள்ளியில் இவற்றையாவது பழகிவிடுங்கள்: பலகைமேல் படுத்துக் கைகளால் துடுப்பிடுவது, வெண்ணுரை அலையில் எழுந்து நிற்பது, வரும் அலைக்கு அடியில் பலகையோடு புரண்டு போவது, பலகையைக் கைவிடாமல் இருப்பது.

துடுப்பிடும் வலிமைக்குக் கூடுதல் கவனம் தேவை. அங்கே அலைகளுக்கு இடையே 5 முதல் 8 நொடிதான் இருக்கும். ஒன்றைத் தாண்டி மூச்சு வாங்குவதற்குள் அடுத்தது தலைமேல் வந்து நிற்கும். நீச்சல் குளத்தில் வாரம் மூன்று நாள், ஓய்வே குறைவாக இருபது நிமிடம் தொடர்ந்து நீந்தப் பழகினால் அதன் பலன் முதல் நாளே தெரியும். நீச்சல் தெரியாதவர் இந்தப் பயணத்தைத் தள்ளிப்போட்டு, முதலில் நீச்சல் கற்க வேண்டும். இதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

காகித வேலை

இந்திய, இலங்கைக் கடவுச்சீட்டு வைத்திருப்போருக்கு ஷெங்கன் விசா தேவை. முழுப் பயணமும் இத்தாலியில் என்றால் இத்தாலியிடமே விண்ணப்பிக்க வேண்டும். பயணத் தேதிக்கு ஆறு மாதத்துக்கு முன்பிருந்தே கொடுக்கலாம், 15 நாளுக்கு முன்பாவது கொடுத்திருக்க வேண்டும். கடைசி வாரம்வரை காத்திருக்காமல் இரண்டு மூன்று மாதத்துக்கு முன்பே நேர்காணல் நேரத்தை வாங்கிவிடுங்கள். பெரியவர்களுக்கான விசாக் கட்டணம் 2024 ஜூன் முதல் 90 யூரோ. சேவை மையக் கட்டணம் தனி.

விசாவுக்குக் குறைந்தது 30,000 யூரோ மருத்துவக் காப்பீடு கட்டாயம். இங்கே பலர் தவறவிடும் விஷயம் ஒன்று உண்டு. மலிவான பயணக் காப்பீடுகள் பலவற்றில் சாகச விளையாட்டுகள் விலக்கப்பட்டிருக்கும். அலைச்சறுக்கு அந்தப் பட்டியலில் இருக்கிறதா என்று பத்திரத்தைப் படித்துப் பார்த்து, இருந்தால் கூடுதல் பணம் கட்டிச் சேர்த்துக்கொள்ளுங்கள். பாறையில் மோதித் தோள்பட்டை இறங்கினால் அந்த ஒரு வரிதான் உங்களைக் காப்பாற்றும்.

கார் ஓட்டப் போகிறவர் பன்னாட்டு ஓட்டுநர் அனுமதியை ஊரிலேயே எடுத்துவிட வேண்டும். இந்தியாவில் வட்டாரப் போக்குவரத்து அலுவலகம் தரும், ஓர் ஆண்டு செல்லும். ஊர் உரிமத்தையும் சேர்த்தே எடுத்துச் செல்லுங்கள். கார் வாடகைக்கு எடுக்கும்போது ஓட்டுநர் பெயரிலேயே கிரெடிட் கார்டு கேட்பது வழக்கம். டெபிட் கார்டு மட்டும் வைத்துக்கொண்டு இரவு பதினோரு மணிக்கு விமான நிலையக் கவுன்டரில் நிற்கும் நிலை வரக்கூடாது.

போய்ச்சேரும் வழி

தீவில் மூன்று விமான நிலையங்கள்: தெற்கே காலியாரி, வடமேற்கே அல்கேரோ, வடகிழக்கே ஓல்பியா. அலைக்காகப் போகிறவருக்கு முதல் இரண்டுதான். சென்னையிலிருந்தோ கொழும்பிலிருந்தோ ரோம் அல்லது மிலான் போய், அங்கிருந்து உள்நாட்டு விமானம் மாறுவது நேரான வழி. இரண்டையும் தனித்தனிச் சீட்டாக வாங்கினால் நடுவில் நிறைய நேரம் விடுங்கள். பிரதான நிலத்தில் சில நாள் சுற்றிவிட்டுப் போகிறவர்கள் ஜெனோவா, லிவோர்னோ, சிவித்தாவெக்கியா துறைமுகங்களிலிருந்து இரவுக் கப்பலில் ஏறலாம். காலையில் தீவு.

சொந்தப் பலகையைச் சென்னையிலிருந்து தூக்கிச் செல்ல வேண்டாம் என்பது என் கருத்து. இரண்டு மூன்று விமானம் மாறும்போது கட்டணமும் கூடும், உடையும் ஆபத்தும் கூடும். அங்கேயே வாடகைக்குக் கிடைக்கும். அதைவிட முக்கியம், உங்கள் ஊர்ப் பலகை அந்தக் கடலுக்குப் பொருந்தாமலும் போகலாம். அதைக் கீழே சொல்கிறேன்.

எங்கே தங்குவது, எதில் சுற்றுவது

தீவின் ரயில் காலியாரி, ஒரிஸ்தானோ, சஸ்ஸாரி, ஓல்பியா ஆகிய ஊர்களை இணைக்கிறது, ஆனால் அலைக்கரைகளுக்குப் போகாது. பேருந்து உண்டு, கோடை முடிந்தால் குறைவு. காற்று திரும்பும்போது கரையை மாற்றிக்கொள்ளத்தான் இந்தப் பயணமே, எனவே கார் இல்லாமல் முழுப் பலன் கிடைக்காது. வலப்பக்கம் ஓட்டும் நாடு. தீவில் சுங்கச்சாவடிச் சாலையே இல்லை. எஸ்எஸ் 131 என்ற நெடுஞ்சாலை காலியாரியில் தொடங்கி ஒரிஸ்தானோ வழியாக வடக்கே போர்த்தோ தோர்ரெஸ் வரை முதுகெலும்பாக ஓடுகிறது. பழைய நகரப் பகுதிகளின் நுழைவில் இசட்டிஎல் என்ற பலகையைக் கண்டால் உள்ளே திருப்பாதீர்கள். அனுமதியுள்ள வண்டிகள் மட்டும் போகும் பகுதி அது. கேமரா படமெடுத்துவிடும், அபராதம் மாதங்கள் கழித்துக்கூட வந்து சேரும்.

தங்குமிடத்துக்கு ஒரிஸ்தானோ அல்லது பக்கத்திலிருக்கும் கப்ராஸ் ஊரைத்தான் பரிந்துரைப்பேன். மேற்குக் கரையின் நடுவில் இருக்கிறது. சீனிஸ் தீபகற்பத்தின் கரைகள் அரை மணி நேரத்தில். வடக்கே அல்கேரோ பக்கமும் தெற்கே புஜ்ஜெர்ரு பக்கமும் இரண்டு மணி நேரம் போல ஓட்டினால் எட்டிவிடும். கரையை ஒட்டிய புட்சு இது போன்ற சிற்றூர்களில் தங்கத் தோன்றும், ஆனால் பருவம் முடிந்தபின் பல கடைகள் பூட்டிக் கிடக்கும்.

கார் ஓட்ட முடியாதவர்களுக்கு வேறு திட்டம். அல்கேரோவில் தங்கி, போர்த்தோ ஃபெர்ரோ கரையில் பாடம் நடத்தும் பள்ளி ஒன்றில், வண்டி வசதி உண்டா என்று முன்கூட்டியே கேட்டுச் சேர்ந்துவிடுங்கள். அல்லது காலியாரியில் தங்குங்கள். ஏறக்குறைய 8 கி.மீ. நீளமுள்ள பொயெத்தோ கரைக்கு நகரப் பேருந்தே போகிறது. அங்கே அலை வருவது ஷிரோக்கோ அடிக்கும் நாட்களில்தான் என்பதையும் தெரிந்துகொண்டு முடிவெடுங்கள்.

எந்தக் கரை யாருக்கு

சீனிஸ் தீபகற்பத்தின் வடமுனையில் இருக்கும் கபோ மன்னுதான் தீவின் பெயர்பெற்ற அலை. மாயெஸ்த்ராலேயும் பொனெந்தேயும் தள்ளிவரும் அலைகள் அந்தப் பாறை முனையைச் சுற்றி வளைந்து, வலப்பக்கமாக நீண்டு உடையும். அடியில் பாறை, விழுந்தால் தோல் போகும். உள்ளூர்க்காரர்கள் பல ஆண்டுகளாகச் சறுக்கும் இடம். புதியவர் அங்கே செய்ய வேண்டியது, மேலே நின்று ஒரு முழு மணி நேரம் பார்ப்பதுதான். அலை எங்கே எழுகிறது, யார் எங்கே காத்திருக்கிறார், எந்த வழியாக உள்ளே போகிறார், எங்கே கரையேறுகிறார் என்று பாருங்கள். அந்த ஒரு மணி நேரம் எந்தப் பாடத்துக்கும் குறைந்ததல்ல. பிறகு காரை எடுத்துக்கொண்டு, முனையின் மறைவில் இருக்கும் புட்சு இது விரிகுடாவுக்கு வாருங்கள். அதே அலை தணிந்து மணற்கரைக்கு வந்து சேரும். உங்கள் இடம் அதுதான்.

போர்த்தோ ஃபெர்ரோ அல்கேரோவுக்கு வடக்கே, மேற்கு நோக்கித் திறந்த விரிகுடா. செம்மண் நிறம் கலந்த மணல், சுற்றிலும் பழைய காவல் கோபுரங்கள், பின்னால் பைன் மரங்கள். கொஞ்சம் உள்ளே போனால் பராத்ஸ் ஏரி, சார்டினியாவின் ஒரே இயற்கை நன்னீர் ஏரி. அடியில் மணல், கற்பவர்களுக்கு ஏற்ற கரை. ஆனால் காற்று முழுவேகத்தில் அடிக்கும் நாளில் அதே விரிகுடாவில் நீர் உள்ளே குவிந்து, திரும்பிப் போகும் வழியில் கடும் இழுவையை உண்டாக்கும். இங்கே காற்று அடங்கிய பின்தான் இறங்க வேண்டும்.

தென்மேற்கில் புஜ்ஜெர்ரு. பழைய சுரங்க ஊர். 1904 செப்டம்பர் 4 அன்று வேலைநிறுத்தம் செய்த தொழிலாளர்கள்மேல் படையினர் சுட்டதில் உயிர்கள் போயின. அந்தச் சாவுகள்தான் அதே மாதம் இத்தாலி முழுவதும் நடந்த முதல் பொது வேலைநிறுத்தத்துக்குக் காரணமாயின. அலை இல்லாத நாளில் அந்தச் சுரங்கப் பகுதியைப் போய்ப் பாருங்கள். ஊருக்கு வடக்கே சான் நிக்கொலோ, போர்திஷெத்து என்று நீண்ட மணற்கரை ஓடுகிறது. தீவில் சிறு அலையையும் விடாமல் பிடித்துக் காட்டும் கரைகளில் ஒன்று. மற்ற இடங்களில் கடல் தட்டையாகத் தெரியும்போது இங்கே இடுப்பளவு அலை இருக்கலாம். மற்ற இடங்களில் அலை நன்றாக இருக்கும் நாளில் இங்கே புதியவருக்கு ஆபத்து.

தெற்கு முனைக்கு அருகில் சியா. லிபெச்சோவும் ஷிரோக்கோவும் வரும்போது பார்க்க வேண்டிய பக்கம். காலியாரியிலிருந்து ஒரு மணி நேரத்தில் போகலாம். வடக்குக் கரையில் இசோலா ரோஸ்ஸா, வல்லெதோரியா பக்கமும் மாயெஸ்த்ராலேக்கு அலை எழும். பலாவு அருகே இருக்கும் போர்த்தோ பொல்லோ பாய்ப்பலகைக்காரர்களின் இடம், உங்கள் பட்டியலில் வேண்டாம்.

ஒவ்வோர் இரவும் செய்ய வேண்டியது

காற்று, அலை முன்கணிப்பு தரும் விண்டி, விண்ட்குரு, சர்ஃப்லைன் ஆகியவற்றில் இரண்டையாவது கைபேசியில் வைத்துக்கொண்டு ஒப்பிடுங்கள். ஐந்தாறு நாள் தள்ளிக் காட்டுவதை நம்பிப் பணம் கட்டாதீர்கள். இந்தக் கடலில் மூன்று நாளுக்குள் சொல்வதுதான் ஓரளவு நிற்கும்.

உயரத்தை மட்டும் பார்க்கும் பழக்கத்தை விட்டுவிடுங்கள். பக்கத்தில் நொடிக்கணக்கு இருக்கும், அதுதான் அலையின் வலு. ஆழ்கடலில் 5 நொடி அலையின் நீளம் ஏறக்குறைய 39 மீட்டர், 8 நொடி அலையின் நீளம் 100 மீட்டர். உயரம் இரண்டுக்கும் ஒரு மீட்டரே என்றாலும், முதலாவது கலங்கல் நீரின் மேடுபள்ளம், இரண்டாவது உங்களைத் தூக்கிச் செல்லும் அலை. புதியவருக்கு நான் சொல்லும் அளவு: உயரம் அரை மீட்டர் முதல் ஒரு மீட்டர், 6 நொடிக்கு மேல், காற்று மணிக்கு 15 கி.மீ.க்குக் கீழ், முடிந்தால் நிலத்திலிருந்து. மேற்குக் கரைக்கு நிலக்காற்று என்றால் லெவாந்தேயும் கிரெகாலேயும்தான். ஒரு மீட்டர் எனக் காட்டி, காற்று 40 கி.மீ. மேற்கிலிருந்து என்றால் அன்று கடலில் உங்களுக்கு வேலை இல்லை.

கடல்மட்டம் ஏறி இறங்கும் ஓதத்தைப் பற்றி இங்கே கவலை வேண்டாம். வேறு பல கடல்களில் ஓதம் பார்த்தே நேரம் குறிக்க வேண்டியிருக்கும். இங்கே நீர்மட்டம் இருபது முப்பது சென்டிமீட்டர் அளவில்தான் மாறும். நேரத்தைக் காற்று மட்டும் முடிவு செய்யும், பெரும்பாலும் அது அதிகாலை.

இலையுதிர்காலத்தில் மழை எச்சரிக்கையும் பார்க்க வேண்டும். குடிமைப் பாதுகாப்புத் துறை மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு என்று நிறம் வைத்து அறிவிக்கும். 2013 நவம்பரில் ஓல்பியா பகுதியில் ஒரே நாள் மழையில் பெருவெள்ளம் வந்து பலர் இறந்தார்கள். ஆரஞ்சோ சிவப்போ அறிவித்த நாளில் தாழ்வான சாலைகளிலும் ஆற்று முகங்களிலும் காரை ஓட்டாதீர்கள், அலை எவ்வளவு நன்றாக இருந்தாலும்.

பலகையும் உடையும்

அலையில் வலு குறைவு என்பதால் பலகையில் மிதப்பு கூடுதலாக வேண்டும். முழுதும் புதியவருக்கு 8 அடி நுரைப்பலகை. ஓரளவு பழகியவர் 7 அடிக்கு மேற்பட்ட, அகலமான பலகையைக் கேளுங்கள். இங்கே மெல்லிய சிறு பலகையில் பழகியவர்கூட அங்கே அரை அடி நீளம் கூட்டிக்கொள்வது நல்லது. மத்தியதரைக்கடல் நீர் பெருங்கடலைவிட உப்பு கூடியது, லிட்டருக்கு ஏறக்குறைய 38 கிராம். அது கொஞ்சம் மிதக்க உதவும், ஆனால் அதை நம்பிப் பலகையைச் சுருக்க முடியாது.

நம் கடலில் 28 டிகிரியில் அரைக்கால் சட்டையோடு இறங்கிப் பழகியவருக்கு, குளிரைத் தாங்கும் ரப்பர் உடையான வெட்சூட் புது அனுபவமாக இருக்கும். அக்டோபருக்கு 3/2 மி.மீ. முழுநீள உடை, அதாவது உடற்பகுதியில் 3 மி.மீ., கை கால்களில் 2 மி.மீ. தடிப்பு. நவம்பர் பிற்பகுதி முதல் ஏப்ரல் வரை 4/3 உடையும் ரப்பர் காலுறையும். உடல் தளர்வாக அசைய இடம் விட்டு எடுக்காதீர்கள், இறுக்கமாகத்தான் இருக்க வேண்டும். உள்ளே நீர் ஓடினால் உடை இருந்தும் குளிரும். வாடகை உடையை வாங்கியதும் கழுத்து, முட்டிப் பகுதிகளில் கிழிசல் பாருங்கள். காலில் கட்டும் கயிற்றின் ஒட்டுப்பட்டை சரியாகப் பிடிக்கிறதா என்பதையும் இழுத்துப் பாருங்கள்.

நீரில்

இறங்குமுன் பத்து நிமிடம் கரையில் நில்லுங்கள். அலை உடையாமல் கருத்துத் தெரியும் பட்டை, நுரை கடல் பக்கம் ஓடும் இடம், இவைதான் இழுவை. அதில் சிக்கினால் கரையை நோக்கி எதிர்த்து நீந்தாமல், பலகையை விடாமல், கரைக்கு இணையாகத் துடுப்பிட்டு அலை உடையும் பக்கம் வந்துவிடுங்கள். பிறகு வெண்ணுரையே கரைக்குத் தள்ளிவிடும். தனியாக இறங்காதீர்கள். அவசர உதவிக்கு 112, கடலோரக் காவற்படைக்கு 1530.

அலை உச்சிக்கு மிக அருகில் இருப்பவருக்கே அந்த அலை. அவர் எழுந்துவிட்டால் நீங்கள் பின்வாங்க வேண்டும். துடுப்பிட்டு வெளியே போகும்போது, சறுக்கி வருபவரின் பாதையில் குறுக்கிடாமல் வெண்ணுரைப் பக்கம் சுற்றிப் போங்கள். பலகையை எறிந்துவிட்டு முங்கினால் பின்னால் இருப்பவரின் மண்டை உடையும். உள்ளே போனதும் பக்கத்தில் இருப்பவர்களுக்கு ஒரு "புவொன்ஜோர்னோ" சொல்லுங்கள். பகல் முழுதும் கண்ணைப் பார்க்காமல் இருப்பவரைவிட, வணக்கம் சொல்லித் தன் முறைக்குக் காத்திருப்பவருக்கு அலை எளிதாகக் கிடைக்கும்.

பாறைக்கரைகளில் கடல் முள்ளெலிகள் உண்டு, காலுறை நல்லது. மணலில் புதைந்து கிடக்கும் ஒரு சிறு மீன் உண்டு, த்ராச்சினா என்பார்கள். மிதித்தால் முள் குத்திக் கடுமையாக வலிக்கும். தாங்கக்கூடிய அளவு சூடான நீரில் காலை அரை மணி நேரமாவது வைத்திருந்தால் வலி தணியும். கரையில் பழுப்பாகக் குவிந்திருப்பது குப்பையல்ல, பொசிடோனியா என்ற கடற்புல். கரையை அரிப்பிலிருந்து காப்பது அதுதான், அதைக் கலைக்க வேண்டாம்.

காரைக் கரையோரம் நிறுத்தும்போது கடவுச்சீட்டையும் பணத்தையும் உள்ளே வைக்காதீர்கள். விடுதியில் விட்டுவிட்டு, நகலை மட்டும் வைத்திருங்கள்.

அலை இல்லாத நாட்கள்

இவை வரும், எனவே முன்பே பட்டியல் போடுங்கள். கப்ராஸ் அருங்காட்சியகத்தில் மோந்த்தே பிராமாவின் கல் வீரர்கள் நிற்கிறார்கள். 1974இல் ஓர் உழவரின் நிலத்தில் கலப்பையில் தட்டுப்பட்ட சிற்பங்கள் அவை. தீபகற்பத்தின் தென்முனையில் தாரோஸ், பினீசியர்களும் ரோமானியர்களும் வாழ்ந்த துறைமுக நகரத்தின் சிதைவு. உள்நாட்டில் பருமினியில் வெண்கலக் காலக் கற்கோபுரமான சு நுராக்சி, 1997 முதல் யுனெஸ்கோ பட்டியலில் இருக்கிறது.

சாப்பாட்டில் சிரமம் இல்லை. மீன் பிரியர்களுக்குக் கப்ராஸின் பொத்தர்கா, அதாவது உப்பிட்டு உலர்த்திய மடவை மீன் சினை. சைவர்கள் குலுர்ஜோனெஸ் கேளுங்கள். உருளைக்கிழங்கு, ஆட்டுப்பால் பாலாடைக்கட்டி, புதினா வைத்துக் கையால் மடித்து வேகவைப்பது. பானே கராசாவு என்ற மெல்லிய மொறுமொறு ரொட்டியைக் காரிலேயே வைத்துக்கொள்ளலாம், நாள்கணக்கில் கெடாது. சிற்றூர்களில் மதியம் ஒரு மணிக்கு மேல் மாலை வரை கடைகள் மூடியிருக்கும். கடலிலிருந்து பசியோடு ஏறும் நேரமும் அதுதான், காலையிலேயே வாங்கி வைத்துவிடுங்கள்.

சீனிஸில் இஸ் அருத்தாஸ் என்ற கரை இருக்கிறது. வெண்மையும் இளஞ்சிவப்பும் கலந்த குவார்ட்ஸ் மணிகள்தான் அங்கே மணல். ஒரு பிடி அள்ளிப் பையில் போடக் கை துடிக்கும், செய்யாதீர்கள். மணல், கூழாங்கல், சிப்பி எதையும் எடுத்துச் செல்வதற்கு 2017ஆம் ஆண்டின் தீவுச் சட்டப்படி 500 முதல் 3,000 யூரோ வரை அபராதம். விமான நிலையத்தில் பையைச் சோதிப்பார்கள்.

ஊர் திரும்பும் சீட்டை எடுக்கும்போது, தீவிலிருந்து கிளம்பும் நாளையும் ரோமிலோ மிலானிலோ இருந்து கிளம்பும் நாளையும் ஒன்றாக வைக்காதீர்கள், நடுவில் ஓர் இரவு விடுங்கள். பலமான மாயெஸ்த்ராலேயில் கப்பல்கள் தாமதமாகும், சில சமயம் நின்றுபோகும், விமானங்களும் தடுமாறும். வாடகைப் பலகையையும் உடையையும் நன்னீரில் அலசி, கிளம்புவதற்கு முந்தைய நாளே கடையில் கொடுத்துவிடுங்கள்.